பூஜையில் வைத்த மைக்ராஸ்கோப்

போன வாரம் ஒரு இளம் டாக்டரம்மா எனக்குப் போன் செய்தார். நான் முதன்முதலில் கம்பவுண்டராகச் சேர்ந்த கால்நடை மருந்தகத்தில் இப்போது அவர்தான் பொறுப்பு. "சார், நம்ம ஆஸ்பத்திரியில புதுசா லேப் கட்டியிருக்கோம். ரத்தம் எடுத்து வெச்சா கொஞ்ச நேரத்துல ரிசல்ட் வந்துடும். திறப்பு விழாவுக்கு மலர் போடறோம். நீங்க பழைய ஆளு, ரெண்டு பக்கம் எழுதித் தரணும்" என்றார். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அதோடு அவர் நிறுத்தவில்லை. லேபுக்கு எங்கள் அந்நாள் டாக்டரின் பெயரை வைக்கப் போகிறார்களாம். அவருடைய படத்தை மைக்ராஸ்கோப்புக்கு நேர் மேலே சுவரில் மாட்டப் போகிறார்களாம். "அவர்கிட்ட வேலை பார்த்தவங்கள்ல இப்போ நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க. அவரோட ஆராய்ச்சி ஆர்வத்தைப் பத்தி எழுதுங்க சார்" என்றார்.

ஆராய்ச்சி ஆர்வம்! போனை வைத்ததும் என் மனைவி எட்டிப் பார்த்தாள். "இன்னா, மூஞ்சி இப்படிச் செவந்துக்கினு இருக்குது? மாத்திரை போட்டீங்களா இல்லையா?" என்றாள். போட்டிருந்தேன். இந்த மாதிரிச் சங்கதிக்கு எந்த மாத்திரையும் கேட்காது.

சரி, எழுதுகிறேன். டாக்டரம்மா கேட்டதை எழுதவில்லை, எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். மலரில் போடுவதும் போடாததும் அவர் இஷ்டம்.

அறுபதுகளின் கடைசியில் நான் வேலைக்கு வந்தேன். அதற்கு முன் ஒரு வருடம் பயிற்சி. கட்டுப் போடுவது, ஊசி போடுவது, கிடாவுக்குக் காயடிப்பது என்று பலதும் சொல்லிக் கொடுத்தார்கள். எனக்குப் பிடித்துப் போனது ரத்தப் பூச்சு ஒன்றுதான். ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் வைத்து, இன்னொரு கண்ணாடியின் விளிம்பால் ஒரே இழுப்பில் மெல்லிசாக இழுக்க வேண்டும். காய்ந்த பிறகு அதை நியூஸ் பேப்பரின் மேல் வைத்தால் எழுத்து படிக்க வர வேண்டும். வரவில்லை என்றால் வாத்தியார் மணிக்கட்டில் ஸ்கேலால் ஒன்று போடுவார். உறுப்புத் துண்டுகளைக் கெடாமல் வைக்கிற பார்மலின் பாட்டிலையும் ரத்தக் கண்ணாடியையும் ஒரே பெட்டியில் வைக்கவே கூடாது, பார்மலின் ஆவி பட்டால் ரத்தத்தில் சாயம் ஏறாது என்பது அவர் தினமும் ஓதிய மந்திரம். "ரெண்டும் சக்களத்திங்கடா, ஒரே வூட்ல குடி வெக்காதீங்க" என்பார். பயிற்சியைப் பற்றி இவ்வளவு போதும்.

எங்கள் மருந்தகம் காஞ்சிபுரத்துக்குத் தெற்கே, மாகறல் போகும் வழியில் இருந்தது. ஓட்டுக் கட்டடம், நாலு அறை, பின்னால் ஒரு சிமெண்ட் தொட்டி. ஆடுகளை மருந்துத் தண்ணீரில் முக்கி எடுத்து உண்ணியைக் கொல்வதற்காகச் சர்க்கார் கட்டிய தொட்டி அது. நான் போனபோது அதில் மூன்று உடைந்த நாற்காலியும் ஒரு பீரோக் கதவும் கிடந்தன. ஏன் சார் தண்ணீர் விடுவதில்லை என்று கேட்டேன். "விரிசல் இருக்குபா, எழுதிப் போட்டிருக்கேன்" என்றார் டாக்டர். நான் அங்கிருந்து போகும் வரைக்கும் நாற்காலிகள் அப்படியேதான் கிடந்தன.

டாக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சத்தம் போட மாட்டார். என்னை ஒரு நாளும் திட்டியதில்லை. வெள்ளைப் பேண்ட், வெள்ளைச் சட்டை, கழுத்தில் பவுடர். மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, ஆட்டுக்காரன் வாசலில் நின்றால் அங்கிருந்தே மூன்று கேள்வி கேட்பார். தின்கிறதா, கழிகிறதா, எங்கே மேய்த்தாய். பதிலைக் கேட்டுக்கொண்டே பதிவேட்டில் முத்து முத்தாக எழுதுவார். ஆடு என்றால் அநேகமாக எழுதுவது ஒன்றுதான்: கல்லீரல் புழு. ஏரியில் மேய்க்கிற ஆட்டுக்கு அது வருவது சகஜம். அதனால் பத்துக்கு ஏழு தரம் சரியாகவே இருந்துவிடும். மீதி மூன்றைப் பற்றி யாரும் கேட்டதில்லை, ஏனென்றால் அவை செத்திருக்கும்.

வேலை தெரியாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். நன்றாகத் தெரிந்தவர். பசு மாட்டுக்குக் கன்று குறுக்கே நின்றால் சட்டையைக் கழற்றிவிட்டு, தோள் வரை கையை விட்டுத் திருப்பி எடுப்பார். நானே பார்த்து அசந்திருக்கிறேன். ஒரு சித்திரை மாதம் பட்டு வியாபாரி ஒருவர் வீட்டுச் சிந்திப் பசு படுத்துவிட்டது. கார் அனுப்பினார்கள். டாக்டர் போய், அவர் கையாலேயே காது நுனியில் குத்தி ரத்தம் எடுத்து, அவரே பூச்சு இழுத்தார். திரும்பி வந்ததும் பீரோவைத் திறந்தார். உள்ளே வெல்வெட்டுத் துணி போர்த்திய மைக்ராஸ்கோப். அது அங்கே இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். சாயம் போட்டு, எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, ஒற்றைக் கண்ணால் பார்த்தார். "வாபா, நீயும் பாரு" என்று கூப்பிட்டார்.

பார்த்தேன். வட்ட வட்டமாக வெளிர்சிவப்பு ரத்த அணுக்கள். சிலவற்றின் உள்ளே ஊதாவாக இரண்டு துளி, வேப்பங்கொட்டைகள் இரண்டு முனை ஒட்டிக் கிடப்பது போல. "உண்ணிக் காய்ச்சல். உண்ணி கடிக்கறப்போ இந்தக் கிருமி ரத்தத்துல எறங்கிடும். ரத்தத்தை உடைக்கும், மூத்திரம் செவப்பாப் போகும். ஒரு தடவை பார்த்துட்டா மறக்காது" என்றார். மறக்கவில்லை. மெட்ராஸிலிருந்து அன்றே ஒரு மஞ்சள் தூள் வந்தது. தண்ணீரில் கரைத்து ஊசி போட்டார். மறுநாள் பசு எழுந்து தவிடு தின்றது. மீந்த மஞ்சள் தூள் பாக்கெட்டுகளை மைக்ராஸ்கோப்புக்குப் பக்கத்தில் வைத்துப் பீரோவைப் பூட்டினார். சாவி அவருடைய சட்டைப் பையில் போயிற்று.

இதை எதற்கு இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், அவருக்குத் தெரியும் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்த வருடம் புரட்டாசியில் எல்லப்பன் வந்தார். ஐம்பது வயது இருக்கும். நூற்றுக்கு மேல் செம்மறி வைத்திருந்தார், எல்லாம் நம் பக்கத்துச் சிவப்பு ஆடு. ஊர் ஊராகப் போய் நிலத்தில் கிடை போடுவார். ராத்திரி ஆடுகள் ஒரு நிலத்தில் அடைந்து கிடந்தால் அதன் புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்கு எரு. நிலத்துக்காரர் அதற்கு நெல் அளப்பார். அந்தச் சமயம் மாகறலுக்குப் பக்கத்தில் செய்யாற்றங்கரையில் ஒரு சமண நயினாரின் மல்லாட்டைக் கொல்லையில், அதாவது வேர்க்கடலை நிலத்தில், கிடை போட்டிருந்தார். கையில் ஒரு கொட்டாங்குச்சியை ஏந்திக்கொண்டு, சிந்தாமல் அவ்வளவு தூரம் நடந்தே வந்திருந்தார். அதில் ஆட்டு மூத்திரம்.

"பாருங்க சாமி. அரக்குப் பட்டாட்டம் ஒண்ணுக்குப் போவுது. மூணு செத்துப் போச்சு. பத்துப் பதினஞ்சு தலையத் தொங்கப் போட்டுக்கினு நிக்குது" என்றார்.

டாக்டர் கொட்டாங்குச்சியைப் பார்க்கவில்லை. "எங்க மேய்ச்ச?"

"ஏரியிலதாங்க. வேற எங்க மேய்க்கறது?"

"அதான். நத்தை இருக்கிற எடம், புழு அதுலேருந்துதான் வரும். கல்லீரல் புழு" என்று எழுத ஆரம்பித்துவிட்டார்.

நான் கொட்டாங்குச்சியை எட்டிப் பார்த்தேன். "சார், சித்திரையில அந்தப் பசு" என்று ஆரம்பித்தேன். "ஆட்டுக்கு எதுக்குபா அவ்வளவு? போய்ப் பாத்துட்டு வா" என்றார் சிரித்துக்கொண்டே.

சைக்கிளில் போனேன். கிடையில் ஒவ்வோர் ஆட்டின் காதுக்குள்ளும் வால் அடியிலும் உண்ணி. கொத்துக் கொத்தாகத் தொங்கவில்லை, ஆனால் விரலால் தடவினால் கரடு முரடாகத் தட்டும். கண் இமையைக் கீழே இழுத்தால் சிவப்பே இல்லை. சிலதுக்கு மஞ்சள் பூத்திருந்தது. காய்ச்சல் அதிகமாக இருந்த ஆடுகளாகப் பொறுக்கினேன். காது நுனியில் மயிரைச் சிரைத்து, ஸ்பிரிட்டால் துடைத்து, அது உலரும் வரை காத்திருந்து குத்தினேன். முதல் சொட்டைத் துடைத்துவிட்டு அடுத்த சொட்டில் பூச்சு இழுத்தேன். ஓர் ஆட்டுக்கு இரண்டு கண்ணாடி. ஈ மொய்க்காமல் எல்லப்பனின் மனைவி பச்சையம்மாள் துண்டால் விசிறிக்கொண்டே இருந்தார். உலர்ந்ததும் மெத்தில் ஆல்கஹாலில் முக்கி எடுத்துக் காகிதத்தில் சுற்றினேன்.

அன்று காலை செத்த ஆட்டை அறுத்துப் பார்த்தேன். கறி மஞ்சளடித்திருந்தது. மண்ணீரல் வீங்கிக் கறுத்திருந்தது. மூத்திரப் பையில் அதே அரக்கு. கல்லீரலைத் துண்டு துண்டாக வெட்டிப் பித்தக் குழாய்களை விரலால் பிதுக்கினேன். ஒரு புழு இல்லை. ஒன்றே ஒன்று இருந்திருந்தால் இன்றைக்கு எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

நயினார் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். புலால் தொடாத குடும்பம், முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் நின்றார், ஆனால் போகவில்லை. நான் பிடுங்கிய உண்ணிகளைக் கொளுத்தப் போனதும் குரல் கொடுத்தார். "தம்பி, தம்பி, என் நெலத்துல உயிரைப் பொசுக்காதீங்கபா. புண்ணியமாப் போவும், ஆத்துப் பக்கம் எடுத்துக்கினு போயிடுங்க." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆற்று மணலில் கொண்டுபோய்க் கொளுத்தினேன். அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

மறுநாள் டாக்டர் எல்லாவற்றையும் மேஜையில் வைக்கச் சொன்னார். கல்லீரல் துண்டு பார்மலின் பாட்டிலில் இருந்தது. ரத்தக் கண்ணாடிகள் காகிதத்தில். ஒரு அட்டைப் பெட்டியை எடுத்துப் பாட்டிலை நடுவில் வைத்தார், கண்ணாடிகளைச் சுற்றி அடுக்கினார்.

"சார், பார்மலினோட ரத்தத்தை வெக்கக்கூடாது சார். ரெண்டு பார்சலா அனுப்பலாம்."

"ஒண்ணு போதும்பா. மூடி டைட்டா இருக்கு." அவரே கயிறு கட்டி, அரக்கு வைத்து, தலைமையிடத்து லேபின் முகவரியை அழகாக எழுதினார். நான் ஒரு காரியம் மட்டும் செய்திருந்தேன். இரண்டு கண்ணாடிகளைப் பெரிய தீப்பெட்டி ஒன்றுக்குள் வைத்து என் பையில் ஒதுக்கிக்கொண்டேன்.

"அது போய் வர்றதுக்குள்ள நாம சும்மா இருக்கக்கூடாது" என்றார் டாக்டர். "கார்பன் டெட்ரா ஊத்திட்டு வந்துடு. மந்தை பூராவுக்கும்."

கார்பன் டெட்ரா அந்தக் காலத்தில் கல்லீரல் புழுவுக்குக் கொடுத்த மருந்து. திரவ பாரபின் எண்ணெயில் கலந்து வாயில் ஊற்றுவோம். புழுவைக் கொல்லும். ஆனால் அது கல்லீரலையும் கடிக்கும். திடமான ஆடு தாங்கிக்கொள்ளும். ரத்தம் உடைந்து, மஞ்சள் பூத்து நிற்கிற ஆடு தாங்காது. இது பயிற்சியில் எனக்கே சொல்லிக் கொடுத்த பாடம், அவருக்குத் தெரியாதா? "சார், கல்லீரலைப் பிதுக்கிப் பார்த்தேன், புழுவே இல்லை" என்றேன். "உன் கண்ணுக்குத் தெரியலபா" என்றார் அதே சிரிப்போடு. அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேனோ என்னவோ. அந்தச் சிரிப்புக்கு எதிரில் எனக்கு நாக்கு எழவில்லை. இருபத்தாறு வயது, வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை.

பாட்டில்களைக் கட்டிக்கொண்டு கொல்லைக்குப் போனேன். முதல் பாட்டிலைத் திறந்ததும் பச்சையம்மாள் பக்கத்தில் வந்து முகர்ந்தார். அவர் ஆட்டு வேலை இல்லாத மாதங்களில் சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு பட்டு முதலாளி வீட்டில் இழை சுற்றப் போகிறவர்.

"இது இன்னாபா, பொடவையில எண்ணெக் கறை எடுக்கற மருந்து வாடை அடிக்குது?"

"ஆமாம்மா, அதேதான். இது ஆட்டுக்கும் கொடுக்கறதுதான்."

"பட்டுல பட்ட கறையை எடுக்கறதை வாயில ஊத்துவாங்களா? ஏற்கெனவே நிக்க முடியாம நிக்குதுங்க. வேணாங்க" என்று எல்லப்பனைப் பார்த்தார்.

எல்லப்பன் என்னைப் பார்த்தார். "தம்பி, டாக்டரு எழுதிட்டாரு, சரி. நீ தொட்டுப் பாத்த, அறுத்துப் பாத்த. நீ சொல்லுபா. ஊத்தலாமா?"

இத்தனை வருடத்தில் அந்தக் கேள்வியை நான் எத்தனை முறை காதுக்குள் கேட்டிருப்பேன் என்று சொல்ல முடியாது. பஸ்ஸில் கேட்டிருக்கிறேன். என் மகள் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். வேண்டாம் என்று ஒரு சொல் போதும். அவர் ஆடு, அவர் மறுத்தார் என்று நான் திரும்பிப் போயிருக்கலாம். என் வேலைக்குக்கூடப் பங்கம் வந்திருக்காது.

"ஊத்தலாம்" என்றேன்.

எல்லப்பன் ஒவ்வோர் ஆடாகத் தொடையிடுக்கில் பிடித்தார். தலையை அதிகம் தூக்காமல், வாயின் ஓரத்தில் விரல் விட்டு, நாக்கின் பின்னால் ஊற்றினேன். புரையேறாமல், ஒரு சொட்டு சிந்தாமல் சுத்தமாகச் செய்தேன். பச்சையம்மாள் கடைசி வரை தள்ளியே நின்றார்.

மறுநாளிலிருந்து விழ ஆரம்பித்தன. முதலில் தலை தொங்கியவை, பிறகு நன்றாக நின்றவையும். மூன்று நாளில் மந்தையில் பாதிக்குக் கிட்டப் போய்விட்டது. தினமும் போனேன். புதைப்பதற்குக் குழி வெட்ட நயினாரே ஆள் அனுப்பினார். எல்லப்பன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. டாக்டரிடம் போய்ச் சொன்னேன். "முத்திப்போன புழு. லேட்டா வந்துட்டான் பாரு" என்றார்.

நாலாம் நாள் ஆயுத பூஜை. மருந்தகத்தில் அது பெரிய விசேஷம். எல்லாக் கருவிகளையும் வெளியே எடுத்துத் துடைத்து மேஜையில் அடுக்க வேண்டும். ஊசிகள், கத்தரிகள், தராசு, காயடிக்கிற இடுக்கி, என் சைக்கிள். டாக்டர் காலையிலேயே பீரோச் சாவியைக் கொடுத்து, "மைக்ராஸ்கோப்பை நல்லாத் துடைச்சு நடுவுல வைபா. நான் குளிச்சிட்டு வர்றேன்" என்று போனார். அந்தப் பசுவுக்காக வந்ததை விட்டால், வருடத்துக்கு ஒரு முறை அது வெளியே வருவது இதற்காகத்தான். லென்ஸ் ஓரத்தில் போன வருடத்துக் குங்குமம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

நான் மற்ற எதையும் துடைக்கவில்லை. தீப்பெட்டியிலிருந்து கண்ணாடிகளை எடுத்தேன். பீரோவில் சாயம் இருந்தது. ஒரு சொட்டுச் சாயத்துக்கு இவ்வளவு காய்ச்சி வடித்த தண்ணீர் என்று கலந்து ஊற்றி, முக்கால் மணி நேரம் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். கழுவி, உலர்த்தி, எண்ணெய் விட்டு, ஜன்னல் வெளிச்சம் விழும்படி மைக்ராஸ்கோப்பின் அடியிலிருக்கும் ஆடியைத் திருப்பி லென்ஸை இறக்கினேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை, திருகை மெல்லத் திருப்பினேன். பிறகு தெரிந்தது. ரத்த அணுவுக்குள் இரண்டு வேப்பங்கொட்டை. பக்கத்து அணுவில் இரண்டு. நகர்த்த நகர்த்த வந்துகொண்டே இருந்தன.

டாக்டர் பட்டு அங்கவஸ்திரத்தோடு வந்தார், அந்தப் பட்டு வியாபாரி கொடுத்தது. "சார், ஒரு நிமிஷம் பாருங்க. எல்லப்பன் ஆட்டு ரத்தம். அந்தப் பசுவோட கிருமியேதான்."

"குளிச்சிட்டு வந்திருக்கேன்பா. ரத்தத்துக்கிட்ட வரமாட்டேன். பூஜை முடியட்டும்."

பூஜை முடிந்தது. மைக்ராஸ்கோப்பின் கண் வைக்கிற இடத்தில் சந்தனமும், அதன் மேல் குங்குமமும் அவர் கையாலேயே வைத்தார். பொரி கடலை கொடுத்தார். "இப்போ பாருங்க சார்" என்றேன்.

"பூஜையில வெச்சதை அன்னிக்குத் தொடக்கூடாதுன்னு தெரியாதா? நாளைக்குக் காலையில பாக்கலாம்."

"நாளைக்குள்ள இன்னும் சாவும் சார். அந்த மஞ்சள் மருந்து பீரோவுல இருக்கு."

"அது மாட்டுக்கு வந்த மருந்துபா. ஆட்டுக்கு எழுத முடியாது" என்று சொல்லிவிட்டு ஊருக்குக் கிளம்பிப் போனார்.

அவர் தலை மறைந்ததும் நான் பீரோவைத் திறந்தேன். சாவி என்னிடம்தான் இருந்தது. மஞ்சள் தூள் பாக்கெட்டுகளை எடுத்தேன். பூஜையில் வைத்த ஊசிகளை எடுத்தேன். பூஜையில் வைத்த சைக்கிளை எடுத்தேன். ஹாண்டில்பாரில் கட்டிய வாழைக்கன்றை அவிழ்க்கக்கூடத் தோன்றவில்லை. மாகறல் சாலையில் போனவர் வந்தவரெல்லாம் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். கொல்லைக்குப் போனதும் மீதமிருந்த ஆடுகளில் காய்ச்சல் உள்ளவற்றை எல்லப்பனும் நானும் பிரித்தோம். இருந்த மருந்தை அளந்து அளந்து தொடையில் போட்டேன். இந்த முறை ஊசி போடலாமா என்று எல்லப்பன் கேட்கவில்லை. பச்சையம்மாள் மருந்தை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

இரண்டு நாளில் ஊசி போட்டவற்றில் பெரும்பாலானவை புல் கடித்தன. எல்லப்பன் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இதற்கிடையில் பூஜைக்கு மறுநாள் காலை டாக்டர் வந்தார். சந்தனத்தைத் துடைத்துவிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியிலிருந்த எண்ணெயைப் பதமாக ஒற்றி எடுத்து என் கையில் கொடுத்தார்.

"ஆமாம்பா. அதேதான்" என்றார்.

"அப்போ அறிக்கையில எழுதுங்க சார்."

"எழுதலாம். எழுதினா கார்பன் டெட்ராவை ஏன் ஊத்தினீங்கன்னு கேப்பாங்க." எனக்கும் சேர்த்து ஒரு காபி சொல்லி அனுப்பினார். பிறகு மெதுவாக, அக்கறையாகக் கேட்டார். "யார் கையால ஊத்தினதுபா?"

சில நாள் கழித்து லேபிலிருந்து கடிதம் வந்தது. ரத்தப் பூச்சுகள் பார்மலின் ஆவியால் கெட்டுவிட்டன, ஆய்வுக்கு உகந்தவை அல்ல. கல்லீரலில் புழுவோ முட்டையோ இல்லை என்று எழுதியிருந்தார்கள். டாக்டர் தன் அறிக்கையில் என்ன எழுதினார் தெரியுமா? "ஆய்வகத்தில் நோய்க்கிருமி எதுவும் கண்டறியப்படவில்லை. மேய்ப்பவர் அசுத்தமான நீர்நிலையில் மேய்த்ததும், காலம் தாழ்த்தி வந்ததும் இறப்புக்குக் காரணம்." இதில் முதல் வாக்கியம் பொய்யே இல்லை. அதுதான் அவருடைய கெட்டிக்காரத்தனம். விடுமுறை நாளில் அரசு உடைமைகளை அனுமதியில்லாமல் எடுத்ததாக எனக்கு ஒரு மெமோ. அடுத்த மாதம் வேறு மாவட்டத்துக்கு மாற்றல்.

அறிக்கை ஊருக்குள் எப்படிப் போகுமோ அப்படிப் போயிற்று. எல்லப்பன் ஆடு சீக்கு ஆடு, அது படுத்த நிலத்தில் படுத்தால் நம் மாட்டுக்கும் வரும் என்று பேச்சு. கிடைக்கு யாரும் கூப்பிடவில்லை. நயினார் மட்டும் தன் கொல்லையை விட்டு அவர்களைப் போகச் சொல்லவில்லை. ஆனால் ஒரு மந்தை ஒரே கொல்லையில் எத்தனை நாள் கிடக்கும்? நான் மாற்றலாகிக் கிளம்பிய அன்று நயினார் பஸ் நிறுத்தத்துக்கு வந்தார். "தம்பி, நீ கண்ணால பாத்ததை ஒரு பேப்பர்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு. நான் கலெக்டரு வரைக்கும் எடுத்துக்கினு போறேன். எல்லப்பன் மேல பழி இருக்கக்கூடாது" என்றார். அவர் கையில் பேப்பரும் பேனாவும் இருந்தன.

எழுதினால் என் கையால் ஊற்றியதும் அதில் வரும். "போய்ச் சேர்ந்ததும் அனுப்பறேன் ஐயா" என்றேன். அனுப்பவில்லை. அவர் இரண்டு கடிதம் போட்டார், இரண்டுக்கும் நான் பதில் எழுதவில்லை. டாக்டரைத் திட்டுவதற்கு எனக்கு எவ்வளவு உரிமை உண்டோ, அதே அளவு என்னைத் திட்டுவதற்கும் உண்டு.

ஏழெட்டு வருடம் கழித்து ஒரு கல்யாணத்துக்குப் புடவை எடுக்கக் காஞ்சிபுரம் வந்தபோது, ஒரு பட்டு முதலாளி வீட்டு முற்றத்தில் பச்சையம்மாள் இழை சுற்றிக்கொண்டிருந்தார். அவருக்கு என்னை உடனே அடையாளம் தெரிந்தது. உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். ஆட்டை அடுத்த வருடமே விற்றுவிட்டார்களாம். எல்லப்பன் ஒரு அரிசி மில்லில் மூட்டை தூக்கப் போனாராம். போன தை மாதம் இறந்துவிட்டாராம்.

"டாக்டர் செஞ்ச வேலைம்மா அது" என்று ஆரம்பித்தேன்.

அவர் ராட்டையை நிறுத்தவில்லை. "டாக்டரை வுடுபா. அந்தாளு சொன்னதுக்கு எங்க வூட்டுக்காரரு ஊத்த வுட்டிருக்க மாட்டாரு. நான்தான் வேணாம்னேனே. ‘நம்ம கம்பவுண்டரு தம்பி அறுத்துப் பாத்துச்சு, அது பொய் சொல்லாது’ன்னாரு. சாவற வரைக்கும் அதையேதான் சொல்லிக்கினு இருந்தாரு."

டாக்டரம்மா, படத்தை எங்கே வேண்டுமானாலும் மாட்டுங்கள். தொட்டியிலிருந்து நாற்காலிகளை எடுத்து, தண்ணீர் விட்டு, ஆடுகளை முக்குங்கள். மைக்ராஸ்கோப் பீரோவுக்குச் சாவியே வைக்காதீர்கள். இத்துடன் ஒரு தீப்பெட்டி அனுப்புகிறேன். உள்ளே இருக்கிற இரண்டு கண்ணாடியில் சாயம் மங்கியிருக்கும், ஆனாலும் உங்கள் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பாருங்கள், தெரியும். நயினாரின் பிள்ளைகள் இன்னும் அதே ஊரில்தான் இருக்கிறார்களாம். கீழே எழுதியிருப்பதை அவர்களிடம் கொடுத்துவிடுங்கள். அவர்கள் அப்பா பஸ் நிறுத்தத்தில் கேட்டது.

நான் கண்ணால் பார்த்தது: எல்லப்பனின் ஆடுகளுக்கு வந்தது உண்ணிக் காய்ச்சல். கல்லீரலில் புழு இல்லை. அவர் தாமதிக்கவில்லை, மூன்றாவது ஆடு செத்த அன்றே நடந்து வந்தார். அவர் மேல் எந்தத் தவறும் இல்லை. கார்பன் டெட்ரா ஊற்றச் சொன்னது டாக்டர். ஊற்றலாமா என்று எல்லப்பன் கேட்டது என்னை. ஊற்றலாம் என்று சொன்னவன் நான்.